மரத்துக்கு எதுக்குங்க இவ்வளவு கனம்?

கோயம்புத்தூரில் "லேத் வாங்கியிருக்கிறேன்" என்று சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இரும்புதான். கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்கு நாலு லேத் பட்டறை. பம்ப்செட், கிரைண்டர், மில் சாமான் என்று இரும்பைக் கடைந்தே வளர்ந்த ஊர். அதனால் என் வீட்டு வாசலில் மினி லாரி வந்து நின்றபோது, எதிர்த்த தெருவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஆவலாக ஓடி வந்தார். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது மரம் கடையறதுங்களா? மரத்துக்கு எதுக்குங்க இவ்வளவு கனம்?" என்று கேட்டார்.

கட்டையைச் சுழலவிட்டு உளியால் வடிவம் எடுக்கும் இந்த மிஷினில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

அம்மாவுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கோடை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்குப் போனால் திரும்பும்போது ஒரு ஓலைப்பெட்டி நிறையச் சொப்பு சாமான் வரும். அடுப்பு, பானை, உரல், உலக்கை, அம்மி எல்லாமே விரல் அளவில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மினுங்கும். அந்த ஊர்க் கடைசல்காரர்கள் செய்வது. முன்பெல்லாம் மஞ்சக்கடம்பு மரத்தில் கடைவார்களாம். தங்கைக்குச் சொப்பு, எனக்குப் பம்பரம். ஒரு வருடம் தாத்தா என்னைக் கடைசல் பட்டறைக்கே கூட்டிப்போனார். சுற்றிக்கொண்டிருக்கும் கட்டை மேல் ஒரு பெரியவர் அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினார். வெறும் மரம் கண் எதிரே செக்கச் செவேல் என்று மாறியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நாற்பத்து நாலு வயதில் மிஷின் வாங்கியிருக்கிறேன் என்றால், அதற்கு அன்று பார்த்த அந்தச் சிவப்புதான் காரணம்.

இது என் இரண்டாவது மிஷின். முதலில் வாங்கியது மெல்லிய குழாய்களைக் கட்டிலாக, அதாவது மற்ற பாகங்கள் உட்காரும் நீள அடித்தளமாக வைத்த சின்ன மிஷின். விலை குறைவு, ஒரு கையால் தூக்கிவிடலாம். பம்பரம், பூரிக்கட்டை, மத்துக் கம்பு எல்லாம் அதில் கடைந்தேன். நீளவாக்கில் ஒல்லியான கட்டைக்கு அது போதும். வினை வந்தது கிண்ணம் கடையப் போனபோது. அதன் குறைந்தபட்ச வேகமே நிமிடத்துக்கு 850 சுற்று. ரம்பத்தில் அறுத்த 10 அங்குல வாகைக் கட்டை ஒன்றை மாட்டினேன். முழு வட்டமாக இல்லை, ஒரு பக்கம் கனம் அதிகம். அந்த வேகத்தில் 10 அங்குலக் கட்டையின் விளிம்பு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சுவிட்சைப் போட்டதும் மேஜையே நடக்க ஆரம்பித்தது. நான் சுவிட்சுக்குக் கை நீட்டுவதற்குள், கட்டையை மிஷினோடு பிடிக்கும் தட்டில் இறுக்கியிருந்த திருகாணிகள் பட்பட்டென்று முறிந்து, கட்டை சுவரில் மோதி விழுந்தது. முகக்கவசம் போட்டிருந்தேன், கட்டைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கியும் நின்றிருந்தேன். சுவரில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது, பூச விடவில்லை. தப்பு என் மேலும்தான். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணியைப் போட்டிருந்தேன். அது கடினமானது, ஆனால் வளையாது, சட்டென்று முறியும். கிண்ணக் கட்டையைப் பிடிக்கத் தடித்த மரத்திருகாணிதான் போட வேண்டும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்து வாங்கும் மிஷினுக்கு இரண்டே தகுதிதான்: மெதுவாகச் சுற்ற வேண்டும், கனமாக இருக்க வேண்டும்.

புதியது முழுக்க வார்ப்பிரும்பு. மிஷின் மட்டும் 55 கிலோ. 12 அங்குலக் கட்டை வரை மாட்டலாம், அதாவது சுழலும் அச்சிலிருந்து கட்டில் வரை 6 அங்குல இடைவெளி. இரண்டு முனைக்கும் நடுவில் 18 அங்குலம். மோட்டார் ஒரு குதிரைத்திறன். வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்திலேயே ஓடும். ஒரு குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நிமிடத்துக்கு 60 சுற்றில் ஆரம்பித்து 3,600 வரை போகும்.

குமிழ் இருக்கிறதே என்று பெல்ட்டை ஒரே இடத்தில் விட்டுவிடக் கூடாது, இதை நான் ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். உள்ளே மூன்று படி புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம் இருக்கிறது. பெல்ட்டை வேகமான படியில் வைத்துவிட்டுக் குமிழால் மட்டும் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும், திறன் இறங்கிவிடும், உளியை வைத்ததும் கட்டை திணறி நிற்கும். மருதமலை ஏறும்போது வண்டியை டாப் கியரில் வைத்த மாதிரி. பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றினால் மோட்டார் நல்ல வேகத்தில் ஓட, அச்சு மெதுவாக, முழு பலத்தோடு சுற்றும். மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. பெரிய கட்டைக்கு எப்போதும் கீழ்ப்படிதான்.

வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900. அதுவும் கட்டை முழு வட்டமான பிறகு. அதுவரைக்கும் 250, 300 தான். மிஷின் ஆடத் தொடங்கும் இடத்தைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்வேன்.

கனத்துக்கு இன்னொரு வேலையும் செய்தேன். மிஷினோடு சேர்த்து விற்கும் ஸ்டாண்டை வாங்கவில்லை. பட்டறை அண்ணனே இரும்பு சேனலில் ஒரு ஸ்டாண்டு வெல்டிங் செய்து கொடுத்தார். அடியில் ஒரு தட்டு, அதில் மூன்று மூட்டை எம்-சாண்ட், ஒவ்வொன்றும் 25 கிலோ. உயரம் என் முழங்கைக்கு நேராக அச்சு வருகிற மாதிரி. எனக்கு 42 அங்குலம். இது ரொம்ப முக்கியம். முன்பு மேஜை தாழ்வாக இருந்து, ஒரு மணி நேரம் நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இப்போது ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிற்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. வந்த அன்று இரு பக்கத்து முனைகளையும் ஒன்றோடு ஒன்று நெருக்கி வைத்துப் பார்த்தேன். ஊசி முனையும் ஊசி முனையும் நேருக்கு நேர் தொட வேண்டும். மோட்டார் பக்கத்து முனை அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. விற்றவர்களுக்குப் போன் செய்தால், மரத்துக்கு அது போதும் சார் என்றார்கள். பட்டறை அண்ணனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. டயல் கேஜ் கொண்டுவந்து வைத்து அளந்தார். "மரமோ இரும்போ, சென்டர்னா சென்டருங்க தம்பி" என்று சொல்லி, ஷிம் எனும் மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டி மோட்டார் பக்கத்து அடியில் கொடுத்து இறுக்கினார். இப்போது முனையும் முனையும் முத்தமிடுகின்றன. பத்து ரூபாய் வாங்கவில்லை. அவர் மகளுக்கு ஒரு நடைவண்டி செய்து கொடுத்தேன், சக்கரம் மூன்றும் இந்த மிஷினில் கடைந்தது.

அடுத்தது மரை, அதாவது அச்சில் சாமான்களைத் திருகி மாட்டும் புரி. இந்த மிஷினின் அச்சு மரை ஒரு அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 8 சுற்று. நான் ஆசைப்பட்டு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக் 33 மில்லிமீட்டர் மரைக்கானது. இரண்டும் சேராது. நடுவில் போட ஒரு மாற்று வளையம் வாங்க இரண்டு வாரம் காத்திருந்தேன். முதலில் மிஷின், அப்புறம் அதன் மரையைப் பார்த்து சக், இந்த வரிசையில் வாங்குங்கள். உளியைத் தாங்கும் கம்பியின் மேல்விளிம்பும் சொரசொரப்பாக வந்தது. அதில் உளி தடுக்கித் தடுக்கிப் போனால் மரத்தில் அலை அலையாக விழும். அரத்தால் ராவி, மெழுகுவர்த்தியைத் தேய்த்த பிறகு வழுக்கிக்கொண்டு போகிறது.

செலவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்க நினைக்கும் நண்பர்கள் மிஷின் விலையை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். மிஷின் 62,000 ரூபாய் ஆனது. சக், உளிகள், சாணை மிஷின், முகக்கவசம், தூசு முகமூடி என்று அதற்கு மேல் 38,000 போனது. இதில் எதைக் குறைத்தாலும் சாணையைக் குறைக்காதீர்கள். மொட்டை உளியோடு எந்த மிஷினில் நின்றாலும் வேலை ஆகாது. வீட்டுக்கு வாங்குகிற சாதாரண சாணை நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும், கண் மூடித் திறப்பதற்குள் உளியின் முனை சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். நான் வாங்கியது 1,440 சுற்றில் ஓடுவது, வெள்ளைக் கல் போட்டது. உளிகள் ஹை ஸ்பீடு ஸ்டீல் என்பதால் கொஞ்சம் சூட்டைத் தாங்கும். கிண்ணம் கடையும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாணைக்குப் போகிறேன். ஐந்து விநாடி தொட்டால் போதும்.

இப்போது இந்த மிஷினில் கடைந்த ஒரு பூவரசுக் கிண்ணத்துக்கு வருகிறேன்.

மிஷின் வந்து மூன்றாவது வாரம், எங்கள் பகுதியில் ஒரு வீடு கட்ட முற்றத்துப் பூவரசை வெட்டினார்கள். சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாதவர் யார்? மரம் வெட்டியவரிடம் கேட்டு ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டேன். நட்டநடுவே மரத்தின் குருத்து ஓடுகிறதே, அதை ஒட்டி நெட்டுவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். குருத்தோடு கடைந்தால் காயும்போது கட்டாயம் வெடிக்கும். பிளந்ததும் உள்ளே பார்த்தேன். ஓரத்து வெள்ளை ஒரு விரல் அகலம். அதற்குள் வைரம் பாய்ந்த பகுதி, பழுத்த நாவல்பழத்தைக் கடித்த மாதிரி ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம்.

வட்டமாக அறுத்துத் தட்டில் மாட்டினேன். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. குமிழைப் பூஜ்யத்தில் வைத்து சுவிட்சைப் போட்டு மெல்லத் திருகினேன். 100, 180, 250. அந்த வாகைக்கட்டை நினைவு வயிற்றைப் பிசைந்தது. 280இல் ஒரு சின்ன உறுமல், 260க்கு இறக்கினேன், அடங்கியது. ஸ்டாண்டின் மேல் வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை, அவ்வளவுதான். மேஜை நடக்கவில்லை.

உளியைத் தாங்கியில் வைத்து, கூருக்குப் பின்னால் இருக்கும் சரிவின் அடிப்பக்கம், அதாவது குதிகால் மட்டும் மரத்தில் படும்படி நெருக்கினேன். இந்த இடத்தில் வெட்டு விழாது, சர்சர்ரென்று உரசல் சத்தம் மட்டும் வரும். பிறகு பிடியை ஒரு நூல் மேலே தூக்கினால் கூர் மரத்தில் இறங்கும். குதிகால் படாமல் கூர் முதலில் பட்டால் உளி கொத்திவிடும், கட்டையைப் பெயர்க்கும். பிடியைத் தூக்கினேன். ஆரம்பத்தில் டக் டக் டக் என்று மேடான இடங்கள் மட்டும் வெட்டுப்பட்டன. கட்டை உருண்டைக்கு வர வர இடைவெளி குறைந்து, அந்த டக்டக் ஒரே ரீங்காரமாக மாறியது. வேகத்தை 600க்கு ஏற்றினேன். அடுத்த வெட்டில் சீவல் நாடா மாதிரி நீளமாக வழிந்து கை மேல், தோள் மேல் விழுந்தது. பச்சை மரம் என்பதால் ஈரம். மரச்சாறு ஒரு கோடாகச் சட்டையில் தெறித்துக்கொண்டே இருந்தது. வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உள்பக்கம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் வெட்டினால் ரேகை நார் எழும்பாது. அரை மணி நேரத்தில் வெளி வடிவம் கிடைத்தது. அடியில் சக் பிடிக்க ஒரு குமிழ் விட்டு, திருப்பி மாட்டி உள்ளே குடைந்தேன்.

கிண்ணம் முடிந்துவிடவில்லை, பாதிதான். பச்சை மரம் காயும்போது சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு. வட்டமாகக் கடைந்தது நீள்வட்டமாகிவிடும். அதனால் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டு எடுத்து வைக்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலச் சுவர். குறுக்குவெட்டு தெரியும் இரண்டு பக்கத்திலும் மெழுகு பூசி, தேதியும் எடையும் பென்சிலால் அடியில் எழுதினேன்: 1,870 கிராம். சமையலறைத் தராசில் அம்மாதான் நிறுத்துச் சொன்னாள்.

கோவையில் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. மழைக்காலத்தில் தூங்குமூஞ்சி மரக் கிளைகள் ரோட்டில் விழுந்து கிடக்கும். கடைய எளிது, ரேகை அழகு, ஆனால் தூசு தொண்டையைக் கரகரக்க வைக்கும். வேம்பு கடைந்தால் அன்று முழுக்க உதட்டில் கசப்பு. புளி வைரம் இரும்பு மாதிரி, கறிக்கடையில் ஏன் அந்தக் கட்டையை வைக்கிறார்கள் என்று உளிக்குத் தெரியும். தஞ்சாவூரில் வீணை செய்யும் பலா எனக்குப் பிடித்த மரம். கடைந்த அன்று மஞ்சள் பொடி நிறம், வெளிச்சம் பட்டுப் பட்டுச் சில மாதத்தில் தேன் நிறத்துக்கு வந்துவிடுகிறது. ஊட்டி ரோட்டில் வாங்கிவந்த சில்வர் ஓக் ரேகை சரிகை மாதிரி மினுங்கும், ஆனால் எனக்குக் கையெல்லாம் அரிப்பு, இனி தொடமாட்டேன். தென்னையும் வேண்டாம், நாலு வெட்டுக்கு ஒரு சாணை கேட்கிறது.

மரத்தூளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. சீவல் கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் போடும்போது கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள் போவது. முகமூடி இல்லாமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். வேட்டி, தோளில் துண்டு, கழுத்துச் சங்கிலி, முழுக்கைச் சட்டை எதுவும் கிட்டே வரக்கூடாது. உப்புத்தாளைப் பிடிக்கும்போது தாங்கியை அகற்றிவிட வேண்டும், விரல் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இந்த மிஷினில் நான் மனசார மெச்சுகிற ஒரு சின்ன விஷயம் அதன் சுவிட்ச். மின்சாரம் போனால் அது தானாக அணைந்து கிடக்கும். கரண்ட் திரும்பி வந்தாலும் நாம் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். பழைய மிஷினில் ஒருமுறை கரண்ட் போன நேரத்தில் சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்து, சாவி கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. நம் ஊரில் மிஷின் வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் இந்த சுவிட்சைக் கேட்க வேண்டும். ஆனால் அதை வலது கோடியில் எட்டாமல் வைக்காமல், காந்தம் போட்டு நகர்த்துகிற மாதிரி கொடுத்திருக்கலாம். உள்ளே குடையும்போது அவசரத்துக்குக் கை எட்டுவதில்லை.

போன மாதம் அரக்கு வாங்கினேன். பலாச மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் அரக்குப்பூச்சி சுரப்பது அது. சாயம் சேர்த்துக் குச்சியாக உருட்டி வைத்துக்கொண்டேன். வெட்பாலையில் ஒரு பம்பரம் கடைந்தேன், கர்நாடகத்தில் இருக்கும் சன்னப்பட்டணத்துப் பொம்மைக்காரர்கள் பயன்படுத்துவதும் அந்த மரம்தான். அதை 1,500 சுற்றில் விட்டுக் குச்சியை அழுத்தினேன். உரசல் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏற வேண்டும். முதலில் திட்டுத் திட்டாக ஒட்டியது. அழுத்தத்தைக் கூட்டினேன், இழுவிக்கொண்டு பரவியது. அப்புறம் அவர்கள் செய்கிற மாதிரியே, காய்ந்த தாழை ஓலையை மடித்து அதன் மேல் அழுத்திப் பிடித்தேன். இரண்டு விநாடி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது விநாடி, ஓலைக்கு அடியிலிருந்து அந்தச் சிவப்பு வழுவழுவென்று வெளியே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்பாசமுத்திரத்துல வாங்குனது மாதிரியே இருக்குலே" என்றாள். அதற்கப்புறம் அதை என்னிடம் திருப்பித் தரவில்லை.

பூவரசுக் கிண்ணத்தை மாதம் ஒருமுறை நிறுத்துக்கொண்டே வந்தோம். 1,870 கிராம் 1,610 ஆகி, 1,420 ஆகி, 1,310 ஆகி, கடைசி இரண்டு மாதமும் 1,290இலேயே நின்றது. எடை நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கத்து விட்டம் மறுபக்கத்தைவிட 6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, வெடிப்பு எங்கும் இல்லை. நேற்று காலை திரும்ப மாட்டினேன். நீள்வட்டமாகிவிட்ட கிண்ணம் சுற்றும்போது விளிம்பு பேயாட்டம் ஆடும். 200இல் ஆரம்பித்து, அடிக்குமிழை முதலில் வட்டமாக்கி, 400, 500 என்று போய், சுவரை 8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். வேலை நடக்கும்போது பட்டறை அண்ணன் டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார். ஆடுகிற விளிம்பையும் ஆடாத ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தார். டம்ளரை மோட்டார் பெட்டி மேல் வைத்துவிட்டு, ஒரு கையால் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "சரிங்க தம்பி" என்றார். அப்புறம், அவர் பட்டறை வாசலில் போன வருடம் வெட்டிப் போட்ட வாகைத் தடி ஒன்று மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது, வண்டி கொண்டு வந்தால் ஏற்றிவிடுகிறேன் என்றார்.